பாலைவனத்தைச் சோலையாக்கியது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சாயங்காலம் காபி குடித்துவிட்டு வந்து படியுங்கள்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் வேலை பார்க்கும் நம் தம்பி ஒருவன் (பெயர் வேண்டாம், கோபித்துக்கொள்வான்) ஜூலை 24 அன்று நம் குழுவில் ஒரு செய்தியைப் பகிர்ந்திருந்தான். அந்த மாநிலத்தில் அன்று 'முன்னோடிகள் தினம்', அரசு விடுமுறை. மார்மன் சபையின் இரண்டாவது தலைவரான பிரிகாம் யங், யாருமே இல்லாத பாலைவனத்தை ஒற்றை ஆளாகச் சோலையாக்கினாராம். நடந்த தவறுகளுக்கெல்லாம் தானே பொறுப்பேற்றாராம். அவரிடமிருந்து நாம் கற்க வேண்டிய தலைமைப் பண்புகள் ஏழாம். கீழே ஏகப்பட்ட பேர் கைகூப்பியும் இதயம் போட்டும் வைத்திருக்கிறீர்கள். அதில் பாதிப் பேர் எட்டாம் வகுப்பில் என்னிடம் சமூக அறிவியல் படித்தவர்கள். அதனால்தான் சும்மா இருக்க முடியவில்லை.

மனிதர் சாமானியர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1801-இல் வெர்மாண்டில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனது மொத்தமே பதினோரு நாள் என்று அவரே சொல்லியிருக்கிறார். தச்சு வேலை, வர்ணம் பூசுவது, ஜன்னலுக்குக் கண்ணாடி போடுவது, இவைதான் தொழில். 1832-இல் சபையில் சேர்ந்தார். 1844-இல் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தை இல்லினாய் மாநிலத்தில் சிறைக்குள்ளேயே புகுந்து ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. 1846 பிப்ரவரிக் குளிரில் அந்த மக்கள் நாவூ நகரத்து வீடுகளை விட்டு வெளியேறத் தொடங்கினார்கள். திக்குத் தெரியாமல் நின்ற அந்த ஜனத்தை மேற்கே நடத்திச் சென்றவர் யங். 1869-இல் ரயில் வருவதற்குள் சுமார் 70,000 பேர் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். முன்னூறுக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் எழுந்தன. ஓடைத் தண்ணீரை எவரும் தனிச் சொத்தாக்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே அவர் வைத்த விதியை நான் மனதாரப் பாராட்டுகிறேன். 1870-இலேயே அங்கே பெண்கள் ஓட்டுப் போட்டார்கள். இதில் எதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் "ஒற்றை ஆளாக" என்கிறாயே தம்பி, 1847-இல் கிளம்பிய முதல் குழுவில் 143 ஆண்கள், 3 பெண்கள், 2 குழந்தைகள் இருந்தார்கள். வழியில் யங்குக்குக் கடும் மலைக் காய்ச்சல். வண்டியில் படுத்தபடி அவர் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்குள் நுழைந்த நாள்தான் ஜூலை 24. ஆர்சன் பிராட்டும் எராஸ்டஸ் ஸ்னோவும் 21-ஆம் தேதியே உள்ளே போய்ப் பார்த்துவிட்டார்கள். 23-ஆம் தேதி முன்படை ஆட்கள் ஏர் கட்டினார்கள். மண் கல்லாய் இறுகிக் கிடந்தது, ஓடையை மறித்துத் தண்ணீர் பாய்ச்சி நிலத்தை ஊறவைத்து உழுதார்கள். சீக்கிரம் விதையுங்கள் என்று யங் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார், அது உண்மை. ஆனாலும் அவர் வந்து சேர்ந்தபோது வயலில் ஏற்கெனவே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. விடுமுறை மட்டும் அவர் வந்த நாளுக்கு.

அந்த முதல் குழுவில் கிரீன் ஃபிளேக், ஹார்க் லே, ஆஸ்கர் கிராஸ்பி என்று மூன்று கறுப்பின ஆட்கள் இருந்தார்கள். மூவரும் அடிமைகள். எசமானர்கள் வழியைச் சீர் செய்யவும் வீடு கட்டவும் முன்னால் அனுப்பிவைத்தவர்கள். கிரீன் ஃபிளேக், யங்குக்கு முன்பே பள்ளத்தாக்கை அடைந்த முன்படையில் ஒருவர். சால்ட் லேக் நகர மையத்தில் யங்குக்கு ஒரு பெரிய சிலை இருக்கிறது. அதன் பலகையில் முதல் குழுவினரின் பெயர்களையெல்லாம் பொறித்திருக்கிறார்கள். இந்த மூவரை மட்டும் தனியே பிரித்து, "கறுப்பின வேலையாட்கள்" என்று தலைப்புப் போட்டு! அடிமை என்று எழுதக் கை வரவில்லை, முன்னோடி என்று எழுத மனம் வரவில்லை. 2022-இல்தான் நகரத்தின் கிழக்கே இருக்கும் நினைவுப் பூங்காவில் அவர்களுக்கென்று சிலை வைத்தார்கள்.

அடுத்து, "யாருமே இல்லாத" பாலைவனம். யூட்டா என்ற பெயரே யூட் என்ற பழங்குடி மக்களிடமிருந்து வந்தது. ஷோஷோனி, கோஷூட் மக்களும் அந்தப் பக்கமெல்லாம் நடமாடி வாழ்ந்தவர்கள். சால்ட் லேக்குக்குத் தெற்கே யூட்டா ஏரி. நல்ல தண்ணீர், மீனுக்குப் பஞ்சமில்லை. அந்த ஏரிக்கரை யூட் மக்களின் சோற்றுப்பானை. 1849-இல் அங்கே குடியேறியவர்கள் கோட்டை கட்டினார்கள். ஒரு சட்டைக்காக வந்த தகராறில் யூட் முதியவர் ஒருவரைச் சிலர் கொன்று, வயிற்றில் கல்லை நிரப்பி ஆற்றில் போட்டுவிட்டார்கள். யூட் மக்கள் கோபத்தில் மாடுகளைப் பிடித்தபோது, கொலையை மறைத்துவிட்டு மாடு போன கதையை மட்டும் தலைநகருக்குச் சொன்னார்கள். 1850 ஜனவரி கடைசியில், எதிர்த்து நிற்கும் ஆண்களைத் தீர்த்துக்கட்ட யங் ஒப்புதல் கொடுத்தார். பிப்ரவரிப் பனியில் பல பத்துப் பேர் செத்தார்கள். குடியேறிகள் பக்கம் இறந்தவர் ஒருவர். உறைந்து கிடந்த உடல்களிலிருந்து தலைகளை அறுத்தெடுத்து 'ஆராய்ச்சிக்கு' என்று வைத்துக்கொண்டார்கள். பிடிபட்ட பெண்களும் பிள்ளைகளும் குடியேறிகளின் வீடுகளுக்குப் பங்கிடப்பட்டார்கள். பின்னாட்களில் யங், பழங்குடிகளோடு சண்டை போடுவதைவிட அவர்களுக்குச் சோறு போடுவது மேல் என்று பேசினார். நல்ல பேச்சுதான். அவர்கள் மீன் பிடித்த கரை போன பிறகு வந்த பேச்சு.

இனி அந்தப் "பொறுப்பேற்றார்" என்ற சங்கதி. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது இங்கேதான்.

ஐரோப்பாவிலிருந்து வரும் ஏழை விசுவாசிகளுக்கு மாட்டு வண்டி வாங்கப் பணம் போதவில்லை. கையால் இழுக்கும் வண்டியில் வரட்டும் என்பது யங்கின் திட்டம். ஆளுக்குப் 17 பவுண்டு, அதாவது எட்டுக் கிலோவுக்கும் குறைவான சாமான்தான். 1856-இல் முதலில் கிளம்பிய குழுக்கள் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தன. கடைசி இரண்டு குழுக்கள், சுமார் ஆயிரம் பேர், ஆகஸ்ட் பாதியிலும் இன்னும் நெப்ராஸ்காவைத் தாண்டவில்லை. பச்சை மரத்தில் அவசரமாகச் செய்த வண்டிகள். அங்கே கூட்டத்தில் எழுந்து, கிழவர்களையும் கைக்குழந்தைகளையும் வைத்துக்கொண்டு இந்தப் பருவத்தில் மலையேறினால் சாவுதான் என்று சொன்னவர் லீவை சாவேஜ். (இந்த சாவேஜ் கல்கத்தா வழியாக பர்மாவுக்குப் போய் ஊழியம் செய்துவிட்டு அப்போதுதான் திரும்பியவர். அவரோடு கப்பலில் வந்தவர்களில் ஒருவர் நம் சென்னைக்கும் வந்து ஓராண்டு இருந்திருக்கிறார்.) விசுவாசம் போதவில்லை என்று அவரைக் கண்டித்தார்கள். நான் சொன்னது நடக்கும், ஆனாலும் உங்களோடு வருகிறேன், தேவையானால் உங்களோடு சாகிறேன் என்று சொல்லி அவரும் நடந்தார். வயோமிங் பனியில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அக்டோபர் 4-ஆம் தேதி செய்தி கிடைத்ததும் யங் மறுநாளே சபையைக் கூட்டி வண்டி, மாவு, துணி எல்லாம் திரட்டி மீட்புக்கு ஆள் அனுப்பினார். அந்த வேகத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் பிறகு மேடையில் ஏறி, தாமதமாகக் கிளம்ப விட்டது பொறுப்பாளர்களின் குற்றம் என்று அவர்கள் பெயரைச் சொல்லியே ஏசினார். திட்டத்தில் குறையில்லையாம். ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு இது நன்றாகப் புரியும். தேர்ச்சி விழுக்காடு ஏறினால் மேடையில் சால்வை ஒருவருக்கு, இறங்கினால் விளக்கம் கேட்டு மெமோ வகுப்பு ஆசிரியைக்கு. நானும் ஒரு பள்ளியில் அந்த மெமோவை வாங்கியவன்தான்.

அடுத்த ஆண்டு அதைவிடக் கொடுமை. 1857-இல் அமெரிக்கப் படை யூட்டாவை நோக்கி வருகிறது. யுத்தம் வரப்போகிறது, கடந்து போகும் பயணிகளுக்குத் தானியம் விற்காதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்லி மக்களைச் சூடேற்றி வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் ஆர்கன்சாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போன குடும்பங்களைத் தென் யூட்டாவில் மவுண்டன் மெடோஸ் என்ற இடத்தில் முற்றுகையிட்டார்கள். என்ன செய்வது என்று கேட்க ஜேம்ஸ் ஹாஸ்லம் என்பவர் குதிரையில் சால்ட் லேக்குக்குப் பறந்தார். அவர்களைத் தொடாதீர்கள், போகவிடுங்கள் என்று செப்டம்பர் 10 அன்று யங் கடிதம் எழுதினார். அது போய்ச் சேர்ந்தது 13-ஆம் தேதி. 11-ஆம் தேதியே வெள்ளைக் கொடி காட்டி, பாதுகாப்புத் தருகிறோம் என்று வெளியே அழைத்து, சுமார் 120 பேரைக் கொன்றுவிட்டார்கள். விட்டுவைத்தது 17 சின்னக் குழந்தைகளை மட்டும்.

கடிதம் பிந்தியது யங்கின் குற்றமில்லை. அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1858 ஜனவரியில் பழங்குடி விவகாரக் கண்காணிப்பாளர் என்ற பொறுப்பில் அவர் வாஷிங்டனுக்கு அனுப்பிய அறிக்கை பழியைப் பழங்குடிகள் மேல் போட்டது. பையூட் மக்கள் அந்தப் பழியைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தார்கள். திட்டம் போட்டவர்கள், சுட்டவர்கள் என்று எத்தனையோ பேர் இருக்க, தண்டனை பெற்றவர் ஒரே ஒருவர்: ஜான் டி. லீ. யங் தன் சபை வழக்கப்படி மகனாகத் தத்தெடுத்த அதே லீ. இருபது ஆண்டு கழித்து, 1877 மார்ச்சில், அந்தப் படுகொலை நடந்த இடத்திலேயே சவப்பெட்டியின் மேல் உட்காரவைத்துச் சுட்டார்கள். அதே ஆகஸ்டில் யங் தன் வீட்டில் காலமானார். சபையின் மூத்த தலைவர் ஒருவர் அந்த இடத்துக்கே வந்து வருத்தம் தெரிவித்தது 2007-இல்.

"ஐயா, அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்துத் தராசில் நிறுக்கலாமா?" என்று யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். சரி, இந்தக் காலத்துத் தராசு வேண்டாம், அந்தக் காலத்துத் தராசையே எடுத்துக்கொள்வோம். 1852-இல் ஆளுநராக இருந்த யங் அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் கேட்டார். கறுப்பினத்தவர் குருத்துவப் பொறுப்பு வகிக்கக் கூடாது என்றும் அதே ஆண்டு அறிவித்தார். அந்தத் தடை 1978 ஜூன் வரை, 126 ஆண்டு, நீடித்தது. அதே 1852-இல், அதே சட்டமன்றத்தில் எழுந்து நின்று அடிமைச் சட்டம் கூடாது என்று வாதாடிய ஒருவர் இருந்தார். அவரும் அதே சபையின் அப்போஸ்தலர்தான், யங்கைத் தலைவராக ஏற்றவர்தான். பெயர் ஆர்சன் பிராட். ஆம், யங்குக்கு மூன்று நாள் முன்பே அந்தப் பள்ளத்தாக்கில் கால் வைத்த அதே பிராட். அவர் பேச்சு எடுபடவில்லை. சட்டம் நிறைவேறியது. 1862-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒழிக்கும் வரை அது இருந்தது.