வினாத்தாள் அச்சடிக்கக் காகிதம் இல்லை!



புயல் வந்தால் தேர்வு தள்ளிப்போகும். கனமழை என்றாலும் தள்ளிப்போகும். காகிதம் இல்லாமல் தேர்வு தள்ளிப்போனதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நம் பக்கத்து நாடான இலங்கையில் 2022 மார்ச் மாதம் அப்படி நடந்தது. கொழும்பு நகரம் இருக்கும் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளைத் தள்ளி வைத்தார்கள். (நாம் பருவத் தேர்வு என்கிறோமே, அதைத்தான் அங்கே தவணைப் பரீட்சை என்பார்கள்.) வினாத்தாள் அச்சடிக்கக் காகிதமும் இல்லை, மையும் இல்லை. அந்த மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வேறு. பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் மைல் கணக்கில் வரிசையில் நின்றார்கள்.

போர் இல்லை, பூகம்பம் இல்லை. பிறகு ஏன் இப்படி? நாட்டின் கடன்தான் காரணம். அது எப்படி என்று இந்த வாரம் பார்ப்போமா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். எல்லா நாட்டு அரசாங்கங்களும் கடன் வாங்குகின்றன. சாலை, அணை, துறைமுகம் எல்லாம் கட்ட வேண்டுமே! வரிப்பணம் மட்டும் போதாது. ஆகவே கடன் வாங்குவது குற்றமில்லை. எந்தப் பணத்தில் வாங்குகிறோம், எதில் போடுகிறோம், எப்படித் திருப்பிக் கொடுக்கப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

அரசாங்கம் இரண்டு விதமாகக் கடன் வாங்கும். சொந்த நாட்டு மக்களிடமும் வங்கிகளிடமும் வாங்குவது ஒரு விதம். அதைச் சொந்தப் பணத்திலேயே திருப்பிக் கொடுக்கலாம். வெளிநாட்டில் வாங்குவது இன்னொரு விதம். அதைப் பெரும்பாலும் டாலரில்தான் கொடுக்க வேண்டும். இலங்கை தன் ரூபாயை அச்சடிக்கலாம். டாலரை அச்சடிக்க முடியுமா? சம்பாதித்தே ஆக வேண்டும். தேயிலை விற்க வேண்டும், ஆடை தைத்து ஏற்றுமதி செய்ய வேண்டும், சுற்றுலாப் பயணிகள் வர வேண்டும், வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். அந்த டாலரில்தான் பெட்ரோல், மருந்து, பால் மாவு, காகிதம் எல்லாம் வாங்க வேண்டும். மிச்சத்தில்தான் கடன் அடைக்க முடியும்.

இலங்கை பல ஆண்டுகளாக டாலரில் கடன் வாங்கி வந்தது. பழைய கடனுக்குத் தவணை வந்தால், புதுக் கடன் வாங்கி அதைக் கட்டியது. கடன் கொடுக்க ஆள் இருக்கும் வரை இது ஓடும். 2019-க்குப் பிறகு அடிமேல் அடி விழுந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று குண்டுகள் வெடித்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்து கொரோனா வந்தது. 2018-ல் 23 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்த நாட்டுக்கு, 2021-ல் 2 லட்சம் பேர்கூட வரவில்லை.

இவை எதிர்பாராத துன்பங்கள். அரசாங்கம் தானாகத் தேடிக்கொண்டவையும் உண்டு. 2019 கடைசியில், பொருள்கள் மீது போடும் 15 சதவீத வரியை 8 சதவீதமாகக் குறைத்தார்கள். மக்கள் மகிழ்ந்தார்கள், கஜானா மெலிந்தது. வருமானம் குறைந்த நாட்டுக்கு யார் கடன் கொடுப்பார்கள்? உலகச் சந்தையில் புதுக்கடன் கிடைக்காமல் போனது. 2021-ல் ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தார்கள். உடனே நெல் விளைச்சல் விழுந்தது. தேயிலைக்கும் அடி. இயற்கை உரம் நல்லதுதான், ஆனால் ஒரே இரவில் ஒரு நாட்டின் விவசாயத்தை மாற்றிவிட முடியாது.

2019 முடிவில் சுமார் 760 கோடி டாலராக இருந்த கையிருப்பு, 2022 மார்ச்சில் 200 கோடிக்கும் கீழே போய்விட்டது. வெளிநாட்டுக் கடனோ சுமார் 5,100 கோடி டாலர். 2022 ஏப்ரல் 12 அன்று, "வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது" என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. 1948-ல் சுதந்திரம் அடைந்த பிறகு அதுவே முதல் தடவை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 200 இலங்கை ரூபாய். மே மாதத்தில் சுமார் 360. பத்து டாலர் கடனை அடைக்க முன்பு 2,000 ரூபாய் போதும். இப்போது 3,600 வேண்டும். புதிதாக ஒரு டாலர்கூட வாங்கவில்லை, கடன் மட்டும் ஏறிவிட்டது! விலைவாசியும் சேர்ந்து ஏறியது. 2022 செப்டம்பரில் கொழும்பில் பொருள்களின் விலை, முந்தைய ஆண்டைவிடச் சுமார் 70 சதவீதம் கூடியிருந்தது. 100 ரூபாய்ப் பொருள் 170 ரூபாய். அப்பாவின் சம்பளம் மட்டும் அப்படியே. மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஜூலை 9-ல் அதிபர் மாளிகைக்குள் புகுந்தார்கள். அதிபர் கோத்தபய ராஜபக்ச நாட்டை விட்டே போய்விட்டார்.

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்தது. கடன்பட்ட நாட்டுக்கு வெளியுலகத்திலும் சங்கடம் உண்டு. கடன் கொடுத்தவர் தெருவில் எதிரே வந்தால், அவர் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டுத்தானே ஆக வேண்டும்? நாடுகளுக்குள்ளும் அப்படித்தான்.

இலங்கையின் தென்கோடியில் அம்பாந்தோட்டை என்று ஒரு துறைமுகம். சீனாவிடம் கடன் வாங்கிக் கட்டியது. எதிர்பார்த்த அளவு கப்பல் வரவில்லை. 2017-ல் அதை ஒரு சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டு, சுமார் 112 கோடி டாலர் பெற்றார்கள். "கடனைக் கட்டாததால் சீனா துறைமுகத்தைப் பிடுங்கிக்கொண்டது" என்று பலரும் சொல்வார்கள். அது சரியில்லை, குழந்தைகளே. குத்தகைப் பணம் டாலர் கையிருப்பைக் கூட்டத்தான் உதவியது. துறைமுகத்துக்கு வாங்கிய கடன் அப்படியே நின்றது. மேலும், இலங்கையின் வெளிநாட்டுக் கடனில் பெரிய பங்கு சீனாவுடையது அல்ல. உலகச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்கள்தான்.

ஆனாலும் துறைமுகம் கைமாறியது கைமாறியதுதான். 2022 ஆகஸ்டில் 'யுவான் வாங் 5' என்ற சீனக் கப்பல் அங்கே வந்தது. செயற்கைக்கோள்களையும் ஏவுகணைகளையும் கண்காணிக்கக்கூடிய கப்பல் அது. இந்தியா கவலை தெரிவித்தது. இலங்கை முதலில் "இப்போது வர வேண்டாம்" என்றது, பிறகு அனுமதித்தது. பாவம், என்ன செய்யும்? சீனாவுக்கும் கடன். அந்த ஆண்டு எரிபொருளுக்கும் உணவுக்கும் மருந்துக்கும் என்று சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்த நாடு இந்தியா. இரண்டு பேரையும் பகைக்க முடியாது. 2024-ல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல் எதுவுமே ஓராண்டுக்கு வர வேண்டாம் என்று தடை போட்டார்கள்.

இந்தியா செய்ததும் வெறும் தருமம் அல்ல. 2022 ஜனவரியில், திருகோணமலையில் உள்ள பழைய எண்ணெய்த் தொட்டிகளைச் சேர்ந்து பயன்படுத்தும் ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தியா பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தது அது. பக்கத்து வீட்டுக்காரரின் நலனில் நம் நலனும் இருக்கிறது. தமிழ்நாடு அரசும் அரிசி, பால் மாவு, மருந்து எல்லாம் அனுப்பியது. முதல் கப்பல் 2022 மே 18-ல் சென்னையிலிருந்து புறப்பட்டது. அதற்கு முன்பே, மார்ச் மாதத்திலிருந்து, பசி தாங்காமல் படகேறி தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கிய குடும்பங்களும் உண்டு. கைக்குழந்தைகளோடு வந்தார்கள்.

நம் நாடும் இப்படித் தவித்திருக்கிறது. 1991-ல் சில வார இறக்குமதிக்கு மட்டுமே நம்மிடம் டாலர் இருந்தது. சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தோம். உங்கள் தாத்தா, பாட்டியைக் கேளுங்கள், சொல்வார்கள்.

"அமெரிக்காவுக்கு 36 லட்சம் கோடி டாலருக்கும் மேல் கடன் இருக்கிறதே, அது ஏன் விழவில்லை?" என்று கெட்டிக்காரக் குழந்தை ஒன்று கேட்கலாம். நல்ல கேள்வி! அது கடன் வாங்குவது சொந்தப் பணமான டாலரில். அதனால் உடனே ஆபத்து இல்லை. ஆனால் 2024-ல் அது வட்டிக்குக் கொடுத்த பணம், ராணுவத்துக்குச் செலவிட்டதைவிட அதிகம். அதைப் பார்த்து அங்கேயும் கவலைப்படுகிறார்கள்.

சரி, இலங்கை எப்படி எழுந்தது? ஐ.எம்.எப். எனப்படும் சர்வதேச நிதியத்திடம் போனது. "கடன் கொடுத்தவர்கள் எல்லாரும் விட்டுக்கொடுப்பதாக முதலில் உறுதி தரட்டும்" என்றது நிதியம். 2023 ஜனவரியில் முதலில் உறுதி தந்தது இந்தியா. சீனா மார்ச் மாதம் தந்தது. மார்ச் 20-ல் சுமார் 290 கோடி டாலர் உதவிக்கு ஒப்புதல் கிடைத்தது. அதற்கு விலையும் உண்டு. 8 சதவீதமாகக் குறைத்த அந்த வரி, 2024 ஜனவரியில் 18 ஆனது. 2023 பிப்ரவரியில் மின்கட்டணம் ஒரேயடியாக 66 சதவீதம் ஏறியது.

2024 ஜூனில் இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் முதலிய நாடுகளோடும், தனியாகச் சீனாவோடும் ஒப்பந்தம் செய்தார்கள். அந்த நாடுகளின் கடன் தவணைகளை 2028 வரை தள்ளிப்போட்டு, 2043 வரை மெல்லக் கட்டலாம் என்று ஏற்பாடு. 2022-ல் காகிதம் இல்லாமல் தேர்வு தள்ளிப்போன மாணவருக்கு அப்போது 14 வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தவணை கட்டும்போது அவருக்கு என்ன வயது? கழித்துப் பாருங்கள்.