கிண்ணம் நிறைய உமி

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முற்றத்துக் கூண்டைப் பார்த்ததும் இரண்டு கேள்வி கேட்பார்கள். முதலாவது, "எல்லாம் ஜோடி ஜோடியா இருக்கா?" இரண்டாவது, "இவ்வளவு தினையைக் கீழே சிந்துதே, வீணாப் போகலையா?"

முதல் கேள்விக்குச் சிரித்து வைப்பேன். இரண்டாவதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் வந்தவரின் காப்பி ஆறிப்போகும். அதனால்தான் இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத வேறு ஒரு காரணமும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நாம் எல்லோரும் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி வாங்குகிற இந்தக் குருவிகள் உண்மையில் லவ் பேர்ட்ஸ் இல்லை. அந்தப் பெயருக்குரியவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு பறவைகள். நம் வீடுகளில் இருப்பவை பட்ஜி, முழுப் பெயர் பட்ஜரிகர். சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பூமி. ஜான் கூல்ட் என்ற பறவை அறிஞர் 1840-இல் முதன்முதலாக உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து உலகமெல்லாம் பரவி, காரைக்குடிக் கடை வரை வந்து சேர்ந்துவிட்டது. இதுவும் கிளி இனம்தான். நம்ம ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்க்க 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இடம் தராது. இந்த வெளிநாட்டுக் கிளிக்கு அந்தத் தடை இல்லை. பேத்தி அடம் பிடித்தபோது இதை வாங்கியதற்கு அதுவே காரணம்.

ஒரு வேடிக்கை பாருங்கள். குன்றக்குடி முருகனுக்கு எத்தனை தடவை போய் வந்திருப்போம்! வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கவண்கல் வீசிக் கிளி ஓட்டிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அன்றைக்குத் தினையைக் காப்பாற்றக் கிளியை விரட்டினார்கள். இன்றைக்கு நாம் காசு கொடுத்துத் தினை வாங்கிக் கிளிக்கு வைத்துவிட்டு, அது சிந்துகிறதே என்று அங்கலாய்க்கிறோம்.

அங்கலாய்ப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்ததும், அதற்கு முன்மொழிந்தது நம் நாடுதான் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு முன்பிருந்தே டாக்டர்கள் தயவில் தினைக்கும் சாமைக்கும் மவுசு வந்தாயிற்று. ஏழை வீட்டுத் தானியம் இப்போது அரிசியைவிட விலை கூடுதல். கல்யாணப் பந்தியில் தினைப் பாயசம் போடுகிறார்கள். அப்படிப்பட்ட தினையை ஒரு சிட்டிகைக் குருவி காலால் வாரி இறைத்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

அதிலும் நான் கணக்குப் பார்த்தே வளர்ந்தவன். அப்பச்சி பர்மாவில் அடுத்தாளாக இருந்தவர். திரும்பி வந்த பிறகும் ராத்திரி வரவு செலவு எழுதாமல் படுத்ததில்லை. அப்பத்தா, சுளகில் அரிசி புடைக்கும்போது தரையில் விழுந்த நொய்யைக்கூட விரலால் ஒற்றி எடுப்பார்கள். நானும் முப்பத்து நாலு வருஷம் பேங்கில் மற்றவர்கள் கணக்கைச் சரிபார்த்துவிட்டு வந்தவன். நாலு குருவி என்னை ஏமாற்றுவதா என்று ஒரு மாதம் உண்மையாகவே ஐந்தொகை போட்டுப் பார்த்தேன். சமையல்கட்டுத் தராசில் நிறுத்துத்தான். நீங்கள் சிரிக்கலாம். ஓய்வுபெற்றவனுக்கு வேறு என்ன வேலை?

முப்பது நாளில் கூண்டுக்குள் போனது ஒரு கிலோ இருநூறு கிராம் தினை. கீழ்த்தட்டிலும் தரையிலும் கூட்டி அள்ளியதைச் சல்லடையில் சலித்தேன். உமி ஏறக்குறைய நூற்றெண்பது கிராம். உடையாத முழுத் தினை இருநூற்றைம்பது கிராம். (ஃபேன் காற்றில் பறந்து பட்டாலைக்குள் போன உமி இந்தக் கணக்கில் வராது. அதற்கு என் மனைவி தனிக் கணக்கு வைத்திருக்கிறாள்.)

இந்தக் கணக்கில்தான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. கீழே கிடப்பதெல்லாம் வீண் என்று நினைத்தது தப்பு. பட்ஜி தினையை அப்படியே விழுங்குவதில்லை. அலகுக்குள் உருட்டி, உமியை உரித்து வெளியே தள்ளிவிட்டு உள்ளே இருக்கும் அரிசியை மட்டும் தின்னும். நாம் உலக்கையும் மில்லும் வைத்துச் செய்கிற வேலையை அது ஒரு நொடியில் செய்கிறது. ஆக, அந்த உமி வீண் இல்லை, சாப்பிட்டதற்கு அத்தாட்சி. வாழை இலையில் கிடக்கும் முருங்கைக்காய்ச் சக்கை மாதிரி. வீண் என்பது அந்த இருநூற்றைம்பது கிராம் முழுத் தினை மட்டும்தான்.

அது ஏன் கீழே விழுகிறது? காட்டில் இந்தப் பறவை கூட்டம் கூட்டமாகத் தரையில் இறங்கிப் புல்விதை பொறுக்கித் தின்னும். தரையில் தின்கிற பறவைக்குச் சிந்துவது என்ற பேச்சே கிடையாதே. தள்ளிவிட்ட விதையும் பக்கத்தில்தானே கிடக்கும்! ஆழமான கிண்ணத்தை உயரத்தில் மாட்டியது நாம். குருவி தன் வழக்கப்படி நடந்துகொள்கிறது, பழி மட்டும் அதற்கு.

இரண்டாவது காரணம் கலவைத் தீனி. கடையில் தினை, கம்பு, சூரியகாந்தி விதை என்று எல்லாம் கலந்து பாக்கெட்டாகத் தருகிறார்கள். குருவிக்குப் பிடித்தது ஒன்று இருக்கும். அதைத் தேட மற்றதை எல்லாம் தள்ளிவிடும். பேரப்பிள்ளைகள் உப்புமாவில் முந்திரி தேடுவதைப் பார்த்ததில்லையா? அதே கதை. நான் கலவை வாங்குவதை நிறுத்திவிட்டுத் தினையைத் தனியாக, கம்பைத் தனியாக வேறு வேறு கிண்ணத்தில் வைத்தேன். சூரியகாந்தி விதை கொழுப்பு. கூண்டுக்குள் உட்கார்ந்தே இருக்கிற குருவிக்கு எதற்கு? எப்போதாவது ஒன்றிரண்டு போதும். மாட்டியிருந்த ஆழக் கிண்ணத்தையும் எடுத்துவிட்டு, விளிம்பு உள்பக்கம் மடங்கிய அகலமான தட்டில், குருவி உட்காரும் குச்சிக்கு நேர் கீழே வராதபடி ஓரமாக வைத்தேன். குச்சிக்குக் கீழே வைத்தால் எச்சம் விழும், அப்புறம் மொத்தத்தையும் கொட்டத்தான் வேண்டும். அடுத்த மாதம் சலித்தபோது முழுத் தினை அறுபது கிராம்கூடத் தேறவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்லது. கணக்குப்பிள்ளை புத்தி நிற்குமா? வைக்கிற அளவையே குறைத்தால் சிந்துவது இன்னும் குறையுமே என்று தோன்றியது. வீட்டிலும், "பாதிக் கிண்ணம் வைங்க போதும், கூட்டிக் கூட்டி இடுப்பு போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் குறைத்தேன். ஒரு குருவி ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு தேக்கரண்டி தின்னும். நாலு குருவிக்கு அதற்குச் சரியாக அளந்து வைத்தேன். பெருமையாகவும் இருந்தது.

அந்தச் சமயத்தில் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணம். வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பி திங்கள் ராத்திரி திரும்பினோம். பக்கத்து வீட்டுப் பையன், அப்போது ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்தான், எங்களிடம் பாசமானவன். சாவியைக் கொடுத்து, தினை டப்பாவைக் காட்டி, "கிண்ணம் காலியானா நிரப்பிடு தம்பி, தண்ணி தினம் மாத்து" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்து லைட்டைப் போட்டபோது கூண்டில் சத்தமே இல்லை. மஞ்சள் பெட்டை கீழே கிடந்தது. மற்ற மூன்றும் இறகைப் புடைத்துக்கொண்டு ஒரு மூலையில் ஒட்டி உட்கார்ந்திருந்தன. தண்ணீர் சுத்தமாக இருந்தது. கிண்ணத்தைப் பார்த்தேன், விளிம்பு வரை நிறைந்திருந்தது. கையை விட்டால் காற்று மாதிரி இருந்தது. மொத்தமும் உமி.

அந்தப் பையன் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறான். தினமும் வந்திருக்கிறான், தண்ணீர் மாற்றியிருக்கிறான், கிண்ணத்தைப் பார்த்திருக்கிறான். காலியாகவில்லை, அதனால் போடவில்லை. இவ்வளவு சின்ன உடம்பு இரண்டு நாள் பட்டினியையே தாங்குவது கஷ்டம். தினை உமிக்கும் தினைக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எனக்கே வாயால் ஊதிப் பார்த்தால்தான் தெரியும். அதை நான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்ல மறந்தேன் என்பதுகூடச் சரியில்லை. சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்றே நினைக்கவில்லை. அளந்து பாதி வைத்த என் சாமர்த்தியம் மட்டும் இல்லாமல், நாலு கிண்ணம் நிறைய வைத்துவிட்டுப் போயிருந்தால் அவன் எட்டிப் பார்க்காமலே இருந்திருந்தாலும் அந்தக் குருவி பிழைத்திருக்கும்.

மறுநாள் காலையில் அவன் வந்து கேட்டான், "ஐயா, மஞ்சளைக் காணமே?" வயசாகிவிட்டது, தானாக இறந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். குழந்தையின் மனம் நோகக்கூடாது என்று சொன்ன பொய்தான். ஆனால் இத்தனை வருஷம் கழித்து யோசித்தால், என் தவறை மறைக்கவும் அது வசதியாக இருந்தது. அவன் இப்போது காலேஜில் படிக்கிறான். இதைப் படித்தாலும் படிப்பான். தம்பி, உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. கிண்ணத்தை நிறைய வைக்காமல் போனது நான்தான்.

அதனால் என் கருத்தை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். சிலருக்குப் பிடிக்காது. வீண் போகாமல் பார்க்கிறேன் என்று குருவிக்கு அளவைக் குறைக்கிறவர்கள், தயவுசெய்து குறைக்காதீர்கள். கை வைக்க வேண்டிய இடம் அளவு இல்லை. கிண்ணத்தை மாற்றுங்கள், வைக்கும் இடத்தை மாற்றுங்கள், கலவையைப் பிரியுங்கள். தினமும் காலையில் கிண்ணத்தை வெளியே எடுத்துவந்து மெதுவாக ஊதுங்கள். உமி பறந்துவிடும், தினை தங்கும். அதன்மேல் புதிது போடுங்கள். மொத்தமாக இருந்தால் சுளகில் இட்டு இரண்டு தட்டுத் தட்டினால் போதும். இன்றைய பிள்ளைகளுக்குச் சுளகு பிடிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம். "உமியோட சேர்த்துக் கொட்டிட்டுப் புதுசு போட வேண்டியதுதானே" என்று ஒரு நண்பர் சொன்னார். அப்படிச் செய்தால் அடியில் இருக்கும் நல்ல தினையும் குப்பைக்குப் போகும். உண்மையான வீண் அதுதான்.

தரையில் விழுந்த முழுத் தினையைத் திரும்பக் கூண்டுக்குள் போடாதீர்கள். எச்சம் பட்டது, நோய் வரும். அப்படியே விட்டாலும் எறும்பு வரும், எலி வரும், எங்கள் மாதிரிப் பழைய வீடுகளில் எலிக்குப் பின்னால் என்ன வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் அந்தத் தினையைத் தோட்டத்துத் தொட்டியில் தூவி லேசாக மண் மூடித் தண்ணீர் தெளிக்கிறேன். நம்ம சிவகங்கைச் சீமையின் காய்ச்சலுக்கும் அது தாக்குப்பிடிக்கிறது. இரண்டு மூன்று மாதத்தில் நரிவால் மாதிரிக் கதிர் தொங்கும். பால்பிடித்த பச்சைக் கதிரை ஒடித்துக் கூண்டில் கட்டிவிட்டால் குருவிகள் மூன்றும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தின்கிற அழகைப் பார்க்க வேண்டும். கடைத் தினை முளைக்கவில்லை என்றால் அது பழசு என்று அர்த்தம். கடைக்காரரை மாற்றிவிடுங்கள். பூசணம் பிடித்த வாடை வந்தால் எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.

தினையே முழுச் சாப்பாடும் இல்லை. கொஞ்சம் கொத்தமல்லி, முருங்கைக்கீரை, துருவிய கேரட் தினம் வைத்தால் நல்லது. சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேளுங்கள். கணவாய் மீனின் ஓடுதான் அது. கூண்டுக் கம்பியில் செருகி வைத்தால் மாதக்கணக்கில் கொறிக்கும்.

வேட்டங்குடி இங்கிருந்து பக்கம்தான். கண்மாய்க்கு வந்து தங்குகிற பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்க்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். யாரோ எங்கிருந்தோ வந்த பறவைக்கு அவர்கள் விட்டுக்கொடுப்பது அவ்வளவு. நாம் கூண்டில் பூட்டி வைத்த பறவைக்கு, அது தானாகப் போய்த் தின்ன வழியில்லாதபோது, ஒரு கைப்பிடித் தினைக்குக் கணக்குப் பார்க்கிறோம். என்னைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வருகிற மாதம் மகள் வீட்டுக்குப் பெங்களூர் போகிறோம், ஐந்து நாள். எதிர்வீட்டு ஆச்சி பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று அவர்களைக் கூப்பிட்டு, கிண்ணத்தைக் கையில் கொடுத்து, ஊதிக் காட்டி, அவர்களையும் ஊதச் சொன்னேன். மூக்கில் உமி ஏறி இரண்டு தும்மல் போட்டார்கள். மூன்று கிண்ணம் நிறைய வைத்துவிட்டுப் போவதாக இருக்கிறேன் என்றேன். சமையல்கட்டிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "நாலாவதும் வைங்க. வந்து நான் கூட்டிக்கிறேன்."