ரோமாபுரிக்குப் போகாத மணி

புதுச்சேரியில் எங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் ஒரு கதை சொல்வார்கள். பெரிய வியாழன் இரவு எல்லாக் கோவில் மணிகளும் சிறகு முளைத்து ரோமாபுரிக்குப் பறந்துவிடும்; உயிர்ப்பு ஞாயிறன்று திரும்பி வரும்போது வழியெல்லாம் பிள்ளைகளுக்கு முட்டை போட்டுக்கொண்டே வரும். பிரான்சில் இன்றும் சொல்கிற கதைதான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சம்பா கோவில் கோவில்பிள்ளையிடம் போய்க் கேட்டேன். "மணி மேலேதான் இருக்கு தம்பி, கயித்தத்தான் கட்டி வெச்சிருக்கேன்" என்றார்.

அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று, நினைவில் நிற்பது அவர் சொன்னதுதான்.

வியாழன் மாலைப் பூசையில் 'உன்னதங்களிலே' பாடும்போது அடிக்கிற மணி, சனி இரவு பாஸ்கா திருவிழிப்பில் அதே பாட்டு வரும்வரை அடிக்காது. இடையில் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். பீடத்துத் துணியை எடுத்துவிடுவார்கள். நற்கருணைப் பேழை திறந்தபடி வெறுமையாக இருக்கும். வெள்ளிக்கிழமையாவது சிலுவைப் பாதை, சிலுவை முத்தி என்று கூட்டம் உண்டு. சனிக்கிழமை பகலில் ஒன்றுமே கிடையாது. ஒரு காலத்தில் திருவிழிப்பைச் சனிக்கிழமை காலையிலேயே முடித்து, மத்தியானத்தோடு தவக்காலத்தை அனுப்பிவிடுவார்கள். பாப்பரசர் 12-ஆம் பயஸ் 1955-இல் ஆணை போட்டு, 1956 முதல் அதை இரவுக்கே திருப்பினார். அப்படித்தான் அந்தப் பகல் வெறும் பகலாக நமக்குக் கிடைத்தது.

அதையும் நாம் விட்டுவைப்பதில்லை. வெள்ளிக்கிழமை வழிபாடு முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போதே 'ஹேப்பி ஈஸ்டர்' வாட்ஸப்பில் வந்து விழுகிறது. மறுநாள் முழுக்க மட்டன் கடை வரிசை (நானும் நின்றிருக்கிறேன்). உயிர்ப்பு உண்டு என்று தெரிந்தவர்கள் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். சீடர்களுக்கு அன்று அது தெரியாதே. அவர்களுக்கு அது அடக்கம் முடிந்த மறுநாள், அவ்வளவுதான்.

என் மனைவியை அடக்கம் செய்த மறுநாள் எங்கள் ஜனங்கள் வந்து, "ஆண்டவர் சந்நிதியில் இருக்கிறாங்க, நீங்க அழக்கூடாது" என்றார்கள். விசுவாசத்தில் சொன்னது, அந்த விசுவாசம் எனக்கும் உண்டு. ஆனாலும் அன்று அது என் வாயை அடைத்தது. மாடி வீட்டு மாமா, தினமும் கபாலீஸ்வரர் கோவிலுக்குப் போகிறவர், வந்து பக்கத்து நாற்காலியில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். கயிற்றைக் கட்டிவைக்கத் தெரிந்தவர்.

மயிலாப்பூரில் இருந்துகொண்டு தோமையாரைச் சொல்லாமல் முடியாது. 'சந்தேகத் தோமா' என்று அவரைக் குட்டாத பிரசங்கம் குறைவு. யோவான் எழுதியதை நிதானமாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. ஞாயிறு மாலை இயேசு வந்தபோது அவர் அங்கே இல்லை. காயத்தில் விரலை விட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றார். எட்டு நாள் கழித்து இயேசு மறுபடி வரும்போது அவரும் அவர்களோடு அதே வீட்டுக்குள் இருக்கிறார். நம்பாத ஒருவரை அவர்கள் வெளியே தள்ளவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. நம் பங்கில் அப்படி ஒருவரை எட்டு நாள் வைத்துக்கொள்வோமா? எட்டு நிமிஷத்தில் செபக்கூட்டத்துக்கு அனுப்பிவிடுவோம்.

அவருடைய கல்லறை என்று நாம் வணங்குவது சாந்தோம் பேராலயத்தின் அடியில் இருக்கிறது. மேலே நிற்கிற வெள்ளைக் கோவில் 1896-இல் கட்டி முடித்தது. சனிக்கிழமை பகலில் அந்தக் கல்லறைச் சிற்றாலயத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வருவது சில வருஷங்களாக எனக்கு வழக்கம். செபமாலை கையில் இருக்கும், சொல்வதில்லை. சில வருஷம் பங்குனிப் பெருவிழாவும் இதே வாரத்தில் சேர்ந்து வரும். இரண்டுக்கும் பௌர்ணமிக் கணக்கு உண்டு. அப்போது மாட வீதியில் தவில் சத்தம் காதைப் பிளக்கும். கல்லறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

முழங்கால் ஒத்துழைத்தால் இந்தச் சனிக்கிழமையும் போவேன். அங்கே என்னைப் பார்த்தால் வாழ்த்துச் சொல்ல வேண்டாம். பக்கத்தில் இடம் இருக்கும்.