உயிரியல் படிக்கும் பிள்ளைக்கு எந்த இயற்பியல்?

பிளஸ் ஒன் சேர்க்கை முடிந்ததும் நம் செஞ்சியில் ஒரு பேச்சு காதில் விழும். "பேத்தி பியூர் சயின்ஸ் எடுத்திருக்கா சார். கணக்கு இல்ல, தப்பிச்சா." மேல்நிலை வகுப்புக்கு நெடுங்காலம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பிள்ளை தப்பிக்கவில்லை. மதிப்பெண் பட்டியலில்தான் கணக்கு இருக்காது. இயற்பியல் புத்தகத்துக்குள் அது சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும்.

2018ல் வந்த பதினோராம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். இரண்டாவது அலகிலேயே வெக்டர், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் எல்லாம் வந்துவிடும். கணக்கு எடுத்தவருக்கும் இதே புத்தகம்தான், தாவரவியல், விலங்கியல் எடுத்தவருக்கும் இதேதான். முன்னவருக்குக் கணக்கு ஆசிரியர் கைகொடுப்பார். பின்னவருக்கு யார்? அவர்கள் சூத்திரத்தை மனப்பாடம் செய்கிறார்கள். பிறகு நீட் தேர்வில் 720க்கு 180 மதிப்பெண் இயற்பியலுக்கு என்று தெரிந்ததும் திகைத்துப் போகிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் கதவைத் தட்டவும் முதலில் தகுதி மதிப்பெண் வேண்டுமே.

அப்படியானால் இவர்களுக்கு இயற்பியலே வேண்டாம் என்று எடுத்துவிடலாமா? கூடாது. நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதம், மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என்று 1954ல் காட்டியவர், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் இருந்த ஜி. என். ராமச்சந்திரன். உயிரின் உள்ளமைப்பைப் பார்க்க இயற்பியல் வேண்டும். குறை பாடத்தில் இல்லை, பரிமாறுகிற விதத்தில் இருக்கிறது.

ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். பிள்ளைகள் பயப்படும் பல விதிகளைக் கண்டவர்கள் வைத்தியர்கள்! யங் குணகத்துக்கும் இரட்டைப் பிளவு சோதனைக்கும் பெயர் தந்த தாமஸ் யங் மருத்துவர். ராபர்ட் மேயர் கப்பல் வைத்தியராக 1840ல் ஜாவாவுக்குப் போனார். வெப்ப நாட்டில் மாலுமிகளின் சிரை இரத்தம் வழக்கத்தைவிடச் சிவப்பாக இருப்பதைப் பார்த்தார். அதை யோசித்துக்கொண்டே போய், வெப்பமும் வேலையும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை என்ற முடிவுக்கு வந்தார். குழாயில் திரவம் ஓடுவதற்கான சமன்பாட்டைத் தந்த பாய்ஸொய், இரத்த ஓட்டத்தை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர்.

நாம் என்ன செய்கிறோம்? உடம்பில் பிறந்த அந்தச் சமன்பாட்டை வெறும் கண்ணாடிக் குழாயில் ஓடும் தண்ணீராக நடத்திவிட்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்பது அதன் சாரம். இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்ட நம்மில் சிலருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! பேத்திக்கும் அப்படிச் சொன்னால் மறக்குமா?

ராஜகிரியையே பாடமாக்கலாம். உயரம் சுமார் 240 மீட்டர். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறினால் புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை ஏறக்குறைய 1,44,000 ஜூல், அதாவது சுமார் 34 கிலோ கலோரி. ஒரு இட்லிகூடத் தேவையில்லையே என்று தோன்றும். ஆனால் தசை, தான் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். ஆக, உண்மையான செலவு நான்கு மடங்கு. மீதி முக்கால் பங்கு வெப்பமாகிறது. அதை வெளியேற்றத்தான் வியர்வை. வேலை, ஆற்றல், வெப்பம், ஆவியாதல் என்று நான்கு பாடம் ஒரே மலையில் முடிந்துவிடுகிறது.

இது என் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ரெடிஷ் என்ற இயற்பியல் பேராசிரியரும் அவர் குழுவினரும், உயிரியல் ஆசிரியர்களோடு கலந்து பேசி, உயிரியல் மாணவருக்கென்றே ஒரு இயற்பியல் பாடத்தை வடிவமைத்தார்கள். மூலக்கூறுகளின் தாறுமாறான அசைவு, பரவல், பாய்மம், வேதிப் பிணைப்பின் ஆற்றல் ஆகியவற்றுக்கு அதில் கூடுதல் இடம் உண்டு. நம் கல்லூரிகளிலோ விலங்கியல் பட்டப் படிப்புக்குத் துணைப்பாடம் பெரும்பாலும் தாவரவியலும் வேதியியலும்தான். இயற்பியல் பிளஸ் டூவோடு சரி. பிறகு நுண்ணோக்கி, இசிஜி, ஸ்கேன் என்று எதைத் தொட்டாலும் அது வந்து நிற்கும்.

"நீட் பாடத்திட்டம் இருக்கும்போது பள்ளியில் மட்டும் எதை மாற்றுவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பள்ளியில் ஒரு பாடத்தைக்கூட நீக்க வேண்டாம். உதாரணத்தை மாற்றினால் போதும். ஒவ்வொரு அலகின் முடிவிலும் உடம்பைப் பற்றி இரண்டு கணக்கு வைக்கலாம். கல்லூரியில் ஒரே ஒரு பருவத்துக்காவது உயிரியல் மாணவருக்கான இயற்பியல் வரவேண்டும்.

கணக்கு இல்லாத பிரிவுக்கு, பிளஸ் ஒன் தொடக்கத்தில் பத்து நாள் கணக்கு வகுப்பு கட்டாயம் தேவை. வரைபடம், விகிதம், அடுக்கு, மடக்கை, சாய்வு ஆகியவை போதும். இதற்கு அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்கள் நம் ஊரில் எத்தனை பேர் இருக்கிறோம்! தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, மாலையில் ஒரு மணி நேரம் போய் வந்தால் என்ன? வருகிறவர்கள் சொல்லுங்கள். இயற்பியல் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.