ஒரு முள் போதும்!

வீட்டு சீலிங் ஃபேனில் இறக்கையின் சாய்வு மாறாது; ரெகுலேட்டரைத் திருப்பினால் வேகம்தான் மாறும். செஸ்னா 152 பயிற்சி விமானத்தின் புரொப்பல்லரும் அப்படித்தான். அதனால் இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் ‘மேனிஃபோல்டு பிரஷர்’ மீட்டர் அதற்கு அவசியமில்லை. சுழற்சி வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள்ளே போதும். சாய்வு மாறும் புரொப்பல்லரில் ஆர்.பி.எம். ஒரே நிலையில் நிற்கும். அங்கேதான் அந்த மீட்டர் தேவை.

சரி, ஒரே உயரத்தில் நேராகப் பறக்கும்போது, த்ராட்டிலைத் தொடாமலே ஆர்.பி.எம். முள் மெல்ல இறங்குகிறதா? உஷார்! கார்புரேட்டரில் ஐஸ் பிடித்திருக்கலாம். பெட்ரோல் ஆவியாகும்போது குளிர்வதால், ஈரக்காற்று இருந்தால் வெயில் நாளிலும் இது நடக்கும். உடனே ‘கார்ப் ஹீட்’ குமிழை இழுக்க வேண்டும். முள் இன்னும் இறங்கும், இன்ஜின் உதறும். பயந்துபோய்க் குமிழைத் திரும்பத் தள்ளிவிடக் கூடாது. ஐஸ் உருகியதும் முள் தானாக ஏறும்!