திரையில் 8.204, தொட்டியில் செத்த மீன்

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டின் பெயர் ‘ஸ்மார்ட் ரீஃப் அக்வேரியம் மானிட்டர்’. முதல் ரிவ்யூவில் நல்ல மார்க். இரண்டாவது ரிவ்யூவுக்கு மூணு நாள் முன்னாடி, நாலு க்ளவுன் மீனில் ரெண்டு செத்து மிதந்துச்சு. அப்போ திரையில் பி.ஹெச் 8.204. கடல் தண்ணிக்கு இதைவிட அழகான நம்பர் கிடையாது.

தொட்டியில் இருந்தது மண்டபத்திலிருந்து கேனில் கொண்டுவந்த கடல் தண்ணி, ஹேட்சரியில் பொரிச்ச மீன், செராமிக் பாறை. நிஜப் பவளம் வைக்கலை. கடினப் பவளம் எல்லாமே 2001லிருந்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கிற அதே அட்டவணையில், இருக்கு. கரையில் கிடக்குதேன்னு ஒரு துண்டை எடுத்துட்டு வந்தாலும் கேஸ்தான். ரீஃப் டேங்க் வீடியோ பார்த்துட்டு ராமேஸ்வரத்துக்கு டூர் போற ஜூனியர்ஸ் இதை மட்டுமாவது ஞாபகம் வச்சுக்கோங்க.

நாங்க பண்ணினது சிம்பிள். பி.ஹெச் 8.2க்குக் கீழே போனால் சின்ன மோட்டார் ஓடி சோடா கரைசலை விடும், 8.2 வந்ததும் நின்னுடும். சென்சார் 8.2ன்னு சொல்ற வரைக்கும் மோட்டார் விசுவாசமா ஓடிச்சு. மீன் செத்த பிறகு கலர் மாறுகிற சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டை வாங்கிப் பார்த்தால் 8.6 பக்கம் காட்டுது. பி.ஹெச் ஏற ஏற, தண்ணியில் இருக்கிற அமோனியா இன்னும் விஷமாகும். கிட் தப்பாத்தான் இருக்கும்னு ஒரு மணி நேரம் வாதாடினோம். கடைசியில் யதேச்சையா தண்ணி பம்ப்பின் பிளக்கைப் பிடுங்கினதும் திரையில் நம்பர் 8.2லிருந்து 8.6க்குத் தாவிச்சு.

பி.ஹெச் எலக்ட்ரோடு ஒரு கண்ணாடிக் குமிழ். 25 டிகிரியில் ஒரு முழு பி.ஹெச் மாற்றத்துக்கு அது தர்றது சுமார் 59 மில்லிவோல்ட்தான். அப்போ 0.1 மாற்றம்னா 6 மில்லிவோல்ட்கூட இல்ல. விலை குறைஞ்ச பம்ப்பிலிருந்து தண்ணிக்குள்ள கொஞ்சம் மின்சாரம் கசிஞ்சாலே ரீடிங் நகர்ந்துடும். நாங்க கேலிபரேட் பண்ணினது வெளியே, டம்ளரில், பம்ப் இல்லாமல். அதுவும் 4, 7 பஃபர் பவுடரில். அளக்கப்போறது 8.2ஐ. 10 பஃபரையும் சேர்த்திருக்கணும், அதுவும் புதுசா கரைச்சது. திறந்து வச்சால் காத்தில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடை இழுத்து அதன் மதிப்பு இறங்கிடும்.

இதுவரைக்கும் எங்க தப்பு. எனக்குக் கோபம் வர்றது அந்த மூணு டெசிமல் மேலே. ஆர்டுயினோ ஊனோவின் ஏடிசி 10 பிட். 5 வோல்ட்டை 1024 படியாப் பிரிச்சா ஒரு படி 4.9 மில்லிவோல்ட். லேப்பில் எல்லாரும் வாங்குகிற பி.ஹெச் போர்டில் அது கிட்டத்தட்ட 0.03 பி.ஹெச். அதாவது இரண்டாவது டெசிமலே தள்ளாடுது, மூணாவது டெசிமல் சுத்தக் கற்பனை. கோடில் நாமளே மூணுன்னு எழுதினதாலதான் அது திரையில் வருது. ரிவ்யூவில் யாராவது ‘எவ்வளவு எரர்?’ன்னு கேட்டாங்களா? ஆப் இருக்கா, கிளவுடில் போகுதான்னுதான் கேட்டாங்க.

பழைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ஒண்ணைப் புரட்டினேன். ராமேஸ்வரம் கடல்நீரின் டிடிஎஸ் 998ன்னு பைண்ட் பண்ணி வச்சிருக்காங்க. கடல் தண்ணியில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு, அதாவது 35,000 பிபிஎம். அந்த சென்சார் 1000 வரைக்கும்தான் அளக்கும், குடிதண்ணிக்குச் செஞ்சது. அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்த யாருமே அந்த ரிப்போர்ட்டைப் படிக்கலைபோல.

என் டீம்மேட்டின் மாமா வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கிறார். கண்ணாடி மீட்டரைத் தண்ணியில் மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பாங்க. கடல் தண்ணி 3 டிகிரி சுமார், உப்பு விளையறது 25 பக்கம். அவர் மீட்டரைத் துடைச்சு, மிதக்கவிட்டு, ஆடி நிற்கிறவரை காத்திருந்து, மறுபடி ஒருமுறை பார்க்கிறார். வெயில் ஏறினால் ரீடிங் மாறும்னு அவருக்குத் தெரியும். பேட்டரி கிடையாது, டெசிமலும் கிடையாது.

மீன் தொட்டிதானே, இதுக்கு ஏன் இவ்வளவு அலட்டல்னு கேட்கலாம். இதே சென்சாரைத்தான் ஹேக்கத்தானில் ‘மன்னார் வளைகுடா பவளப்பாறை கண்காணிப்பு’ன்னு பிபிடி போட்டு விற்கிறோம். நானும் ஒரு தடவை போட்டிருக்கேன். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவு, 1986லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. 1998, 2010, 2016ன்னு மூணு பெரிய வெளுப்பைப் பார்த்த பாறைகள். கோடையின் உச்ச மாத சராசரியைவிட 1 டிகிரி கூடி, அது சில வாரம் நீடிச்சாலே பவளம் வெளுக்க ஆரம்பிக்கும். நாம போடுற டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சாரின் டேட்டாஷீட்டில் இருக்கிற எரர் பிளஸ் ஆர் மைனஸ் 0.5 டிகிரி. கண்டுபிடிக்க வேண்டிய விஷயத்தில் பாதி, சென்சாரின் சந்தேகத்துக்குள்ளேயே போயிடுது. ஒரு நல்ல தெர்மாமீட்டரோடு வச்சு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கழிச்சால் கொஞ்சம் சரிபண்ணலாம். அதைச் செஞ்ச ப்ராஜெக்ட்டை நான் இன்னும் பார்க்கலை.

2019 செப்டம்பரில் பாம்பன் பக்கம் கடல் பச்சையாச்சு, ஞாபகம் இருக்கா? நாக்டிலூக்கா பாசி. மீன் செத்து ஒதுங்கிச்சு, சிங்கிள் தீவு, குருசடைத் தீவு பக்கம் தண்ணியில் ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போய் பவளமும் செத்தது. தூத்துக்குடி எஸ்.டி.எம்.ஆர்.ஐ. ஆய்வாளர்கள் அளந்து, 2020ல் ஆய்வுக் கட்டுரையா வெளியிட்டாங்க. அந்த இடத்தில் நம்ம மிதவை ஒண்ணு இருந்திருந்தால்? இந்த வெதுவெதுப்பான கடலில் எதைப் போட்டாலும் கொஞ்ச நாளில் பாசி படியும், அப்புறம் கொட்டலசு ஒட்டும். ஆக்சிஜன் சென்சார் 2ன்னு காட்டினால் கடல் மூச்சுத்திணறுதா, சென்சார்மேல பாசி பிடிச்சிருக்கான்னு எப்படிச் சொல்வோம்? தப்பா நாலு தடவை அலாரம் அடிச்சால், அஞ்சாவது தடவை எந்த மீனவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

சென்சார் வேண்டாம்னு நான் சொல்லலை. ராத்திரி 2 மணிக்கு பி.ஹெச் இறங்குறதை சொட்டு மருந்து கிட் சொல்லாது, சென்சார்தான் சொல்லும். ஏறுதா இறங்குதான்னு காட்ட அது போதும். ஆனா அந்த ஒரு நம்பரை மட்டும் நம்பி மோட்டாரை ஓடவிடக் கூடாது. ரிவ்யூ ஷீட்டில் ஆப்புக்குக் கொடுக்கிற மார்க்கில் பாதியை கேலிபரேஷன் நோட்டுக்குக் கொடுங்கன்னு டிபார்ட்மெண்டிடம் கேட்கிறேன். எந்தத் தேதி, எந்த பஃபர், முன்னாடி என்ன, பின்னாடி என்ன, கிட்டில் பார்த்தால் என்ன. ஒரு 20 ரூபாய் நோட்டு போதும்.

நாங்க இப்போ பம்ப்பை நிறுத்திட்டுத்தான் ரீடிங் எடுக்கிறோம், சோடா மோட்டாரைக் கழட்டிட்டோம். மிச்சம் ரெண்டு மீனும் நல்லா சாப்பிடுது. இரண்டாவது ரிவ்யூவுக்குத் திரையில் 8.2ன்னு ஒரே ஒரு டெசிமலோடு போனோம். ‘போன தடவை மூணு டெசிமல் இருந்துச்சே, சென்சார் ரிப்பேரா?’ன்னு கேட்டாங்க.