777 போட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

எங்கள் பாடசாலைக் கணினி அறையில் மாணவர் புள்ளிகளைப் பதிவதற்கு டொக்கர் கொன்டெய்னரில் சிறியதொரு இணையத்தளம் அமைத்தோம். கோப்பைப் பதிவேற்றினால் "பெர்மிஷன் டினைட்" என்றே வந்தது.

"சிஎச்மோட் 777 போடுங்க சேர்" என்றார்கள். போட்டோம், வேலை செய்தது. ஆனால் அது பூட்டைத் திருத்துவதல்ல, கதவையே கழற்றி வைப்பது. அதே கணினியில் கணக்குள்ள எந்த மாணவரும் அடுத்தவரின் புள்ளியை மாற்றிவிடலாம்.

காரணம் இதுதான். கொன்டெய்னருக்கெனத் தனிக் கர்னல் இல்லை. வெளியிலுள்ள லினக்ஸ் கர்னலே அனுமதியைச் சரிபார்க்கிறது. அது பயனரின் பெயரைப் பார்ப்பதில்லை, இலக்கத்தையே பார்க்கிறது. எங்கள் கோப்புறை உபுண்டுவின் முதற் பயனரான 1000க்குச் சொந்தம். உள்ளே இணையச் சேவையகம் ஓடியதோ 33ஆம் இலக்கத்தில். பிறகு எப்படி எழுத விடும்?

ஆகவே முதலில் இலக்கங்களைப் பாருங்கள். வெளியே "எல்எஸ் -எல்என்" கோப்புறை யாருடையது என்று சொல்லும். உள்ளே "ஐடி" கட்டளைக்குச் சேவையகப் பயனரின் பெயரைக் கொடுத்தால் அதன் இலக்கம் வரும்.

நாங்கள் 777ஐ நீக்கினோம். பதிவேற்றக் கோப்புறையை மட்டும் "சிஎச்ஓன்" மூலம் 33க்குக் கொடுத்து, குழுவை 1000ஆகவே விட்டு, அனுமதியை 750 ஆக்கினோம். இப்போது சேவையகம் எழுதும், நாங்கள் வாசிக்கலாம், மற்றவர்களுக்குத் திறக்காது.

ஐந்து நிமிட வேலைதான். பிள்ளைகளின் புள்ளிகள் எங்களிடமுள்ள அமானிதம். அதோடு, பிழைச்செய்தி வந்தால் காரணத்தைத் தேடாமல் எல்லாவற்றையும் திறந்துவிடும் பழக்கத்தை மாணவருக்கு நாமே கற்றுக்கொடுக்கலாமா?